வடபழனி தாண்டிட்டேன்

பஸ் நகரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்பதைவிட நிற்கிற பஸ்ஸில் நிற்பதுதான் கால்வலி. ஓடும்போது உடம்பு ஆடி ஆடி வலியை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக் கொடுத்துவிடும், நின்றுவிட்டால் அத்தனையும் குதிகாலில் இறங்கி அங்கேயே குடியிருக்கும். ஈக்காட்டுதாங்கலில் நின்றது. நின்றதிலிருந்து தேசராணி ஒரே போஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், சிரிய்யா சிரி, உனக்கென்ன. பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், ரெபேகாதான். செனாய் நகரில் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிற, படுத்த படுக்கையான பெரியவரின் கட்டில் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றிருப்பாள். ராத்திரி டூட்டி முடிந்தது, பகல் டூட்டிக்காரி வந்தால்தான் அவள் அந்த இடத்தை விட்டு நகர முடியும், பகல் டூட்டிக்காரியோ இங்கே ஒரு ஆளின் பல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன் அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. சனியன். எடுத்தாள்.

"அக்கா, எங்க கீற?"

"வந்துக்கினே இருக்கேன். வடபழனி தாண்டிட்டேன்."

"நெஜமா?"

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

பொய்தான். வடபழனி எங்கே, இன்னும் அசோக் பில்லரே வரவில்லை. ஆனால் இந்த பஸ்ஸில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர் யார், காதில் போனை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு ஊர்ப் பெயரைப் போட்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கோயம்பேடு வந்துட்டேன் சார், ரெண்டே ஸ்டாப்புதான் சார். நெஜமாவாம், நெஜமா. இவள் என்ன போலீஸா விசாரிக்க? அவளுக்கென்ன, அமைந்தகரையில் வீடு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் டூட்டிக்கு வந்துவிடலாம். இன்றைக்கு அவள் வாயைத் திறக்கட்டும், கேட்டுவிடவேண்டியதுதான். ஏண்டி, நான் இன்னா பக்கத்துத் தெருவுலேர்ந்தா வர்றேன், பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றேன், இருட்டுல எழுந்து ஆக்கி வச்சிட்டு வர்றேன், நீ ஒரு பத்து நிமிஷம் நின்னா குறைஞ்சிடுவியா? இல்லை, இப்படி ஆரம்பிக்கக் கூடாது, பத்து நிமிஷம் என்றால் உடனே பிடித்துக்கொள்வாள், பத்து நிமிஷமா அக்கா, நேத்து எவ்ளோ நேரம், முந்தாநாள் எவ்ளோ நேரம் என்பாள். வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டும். போன மாசம் உங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு நீ லேட்டா வந்தியே, நான் மூஞ்சியைத் தூக்கினேனா? இது நல்லது. இதற்கு அவளால் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியும். அக்கா, நீ லேட்டா போனா உனக்கு பஸ்ஸுதான் போகும், நான் லேட்டா போனா எனக்கு வேலை போகும் என்பாள். அதுதான் உண்மை, அந்த உண்மை முள் மாதிரி நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்துகிறது. ரெபேகா ராத்திரி முழுக்கப் பெரியவரைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடிப் போய் ஒரு பேங்கில் கூட்டித் துடைக்கிறாள், ஷட்டர் தூக்குவதற்குள் துடைத்து முடித்திருக்க வேண்டும், மத்தியானம்தான் தூங்குவாள். இந்த வாரம் இரண்டு நாள் லேட். இன்னொரு தடவை என்றால் வராதே என்று காண்ட்ராக்டர் நேற்றே சொல்லிவிட்டானாம். நேற்று சாயந்திரம் டூட்டி மாற்றும்போது அதைத்தான் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரி, நாளைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வாக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேசராணியும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பாள், வசதியாக இருந்திருக்கும். சீக்கிரம்தான் கிளம்பினேன், இன்றைக்கு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸையே பிடித்தேன், சீக்கிரம் கிளம்பினால் ரோடு சீக்கிரம் விட்டுவிடுமா? இந்த ரோட்டுக்கு நீ எப்போது கிளம்பினாய் என்று அக்கறையா?

பஸ் ஒரு முழம் நகர்ந்தது. எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள். நின்றது. பக்கத்தில் நிற்கிற பையன் காதில் பஞ்சு மாதிரி எதையோ சொருகிக்கொண்டு பேச ஆரம்பித்தான், டிராபிக்ல மாட்டிக்கிட்டேன், பரவால்ல, இங்கேருந்தே மீட்டிங்ல சேர்ந்துடறேன், ஆரம்பிங்க. ஆரம்பித்தார்கள் போல. அவன் கம்பியைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தான். நின்ற இடத்திலேயே அவனுக்கு வேலை தொடங்கிவிட்டது, சம்பளம் ஓடத் தொடங்கிவிட்டது. தேசராணி அவனையே முறைத்துப் பார்த்தாள், பாவம், அவன் என்ன செய்வான், ஆனாலும் முறைத்தாள். இப்படி நானும் இங்கேயிருந்தே பெரியவரைத் தூக்க முடியுமா? ஐயா, இப்ப இடது பக்கம் திரும்பிக்கங்க, அப்படித்தான், இப்ப டயாப்பர் மாத்திக்கங்க, மூக்குல இருக்கற குழாய்ல கஞ்சியை நீங்களே ஊத்திக்கங்க, நான் ஈக்காட்டுதாங்கல்லேர்ந்து பார்த்துக்கினு இருக்கேன். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையிலேயே கோபமாகத் திரும்பிவிட்டது. கை படாமல் ஆகாத வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் இந்த ரோட்டில் சாகவேண்டும் போலிருக்கிறது. பெரியவரின் மருமகளும் அப்படித்தான், முன்னே தினம் தினம் காரில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவள், ஒருநாள் அவளே சொன்னாள், அந்த ரோட்ல போய்ப் போய் என் முதுகே போச்சு தேசராணி, வீட்லேருந்து வேலை குடுத்தா இருக்கேன், இல்லைன்னா வேற கம்பெனி பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன், உடனே சரின்னுட்டாங்க. சொன்னாளாம், சரி என்றார்களாம். அவள் புருஷன் விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், டிராபிக்குக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்து அங்கேயே உடற்பயிற்சி செய்து அங்கேயே குளிக்கிறாராம். நான் விடிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் எங்கே குளிப்பது, அந்தத் தெருமுனைக் குழாயடியிலா?

முன்பெல்லாம் இந்தப் பேச்சே கிடையாது. முன்பு என்றால் கூவம் ஓரம் இருந்தபோது. நாற்றம் நாற்றம்தான், கொசு கொசுதான், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை மிதக்கவிட்டுவிட்டுப் போகும், அதையெல்லாம் இனிப்பு தடவிச் சொல்ல அவளால் முடியாது. ஆனால் நடந்து போய் வேலை செய்தாள். காலையில் இரண்டு வீடு, சாயந்திரம் ஒரு வீடு, நடுவில் வந்து சோறு தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். ஒருநாள் லாரி கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டிலை ஏற்றினார்கள், கேஸ் அடுப்பை ஏற்றினார்கள், துணி மூட்டையை ஏற்றினார்கள், பெரும்பாக்கத்தில் மாடி வீட்டில் இறக்கினார்கள், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருந்தது, நன்றாகத்தான் இருந்தது, வேலையை மட்டும் லாரியில் ஏற்ற மறந்துவிட்டார்கள். அது அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மாதம் போல அந்த மூன்று வீட்டுக்கும் ஓடி ஓடிப் போனாள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நேரத்தைவிடப் போகிற நேரம் மூன்று பங்கு. இப்பல்லாம் நீ வர்ற நேரமே தெரியலை என்று முதல் வீடு சொன்னது, பக்கத்துலேயே ஒருத்தி கிடைச்சிருக்கா, தப்பா நெனச்சுக்காதே என்று இரண்டாவது வீடு சொன்னது, மூன்றாவது வீடு எதுவும் சொல்லாமல் கதவைத் திறக்கவில்லை. அப்புறம்தான் வீட்டு நோயாளிகளுக்கு ஆள் அனுப்புகிற இந்த ஏஜென்சியில் வேலை. இத்தனை தூரம் வந்து ஒருமணி நேரம் இரண்டு மணி நேரம் செய்கிற வேலை கட்டாது, வந்தால் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிற வேலையாக இருந்தால்தான் வந்த வழிக்கு ஆகும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் பெரியவர், போக வர ஐந்து மணி நேரம் பஸ், மிச்சத்தில் ஆக்குவது, தின்பது, தூங்குவது. புருஷன் ஏகாம்பரம் கோயம்பேடு மார்க்கெட்டில் ராத்திரியில் மூட்டை இறக்குகிறான், அங்கேயே சாக்கின் மேல் படுத்துக்கொள்கிறான், வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி வருகிறான், டீ போட்டுக் கொடுத்தால் அவனும் விருந்தாளி மாதிரி நல்லா இருக்கு என்கிறான். எதிர்வீட்டு லோகம்மா இந்தச் சனியனே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற அடுக்குமாடி வீடுகளில் வேலை கேட்டுப் போனாள். அங்கே சம்பளம் பாதி. ஏன் பாதி என்று கேட்டதற்கு, உங்களுக்கு இங்கேயே வேலை, பஸ்ஸுல போய் வர்ற அவஸ்தை மிச்சம்தானே என்றார்களாம். மிச்சம்தானே. எங்கள் அவஸ்தையை எவ்வளவு சரியாக எடை போட்டு வைத்திருக்கிறார்கள், நாங்கள் எங்கேயும் போக முடியாது என்று தெரிந்து வைத்துக்கொண்டு விலை சொல்கிறார்கள், சந்தை கலைகிற நேரத்தில் வாடின கீரைக்கு விலை சொல்கிற மாதிரி.

போன். மறுபடியும். எடுக்காமல் இருந்துவிடலாமா? வடபழனி தாண்டினவள் இந்நேரம் அரும்பாக்கம் வந்திருக்க வேண்டுமே.

"எங்கக்கா கீற? பொய் சொல்லாதே."

"அதான் சொன்னேன்ல..."

"பின்னாடி கண்டக்டர் அசோக் பில்லர் எறங்கறவங்க வாங்கன்னு கத்தறாரு, எனக்குக் காது கேக்குது."

"சரி, இப்ப இன்னான்ற? அசோக் பில்லருதான். நான் இன்னா ரோட்டைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கினா வர முடியும்?"

"நான் உன்னை இன்னா சொன்னேன்? எங்க கீறன்னுதானே கேட்டேன். எங்க கீறன்னு தெரிஞ்சா காண்ட்ராக்டர் கையில கால்ல விழுந்தாவது ஏதாச்சும் சொல்லியிருப்பேன். நீ பொய் சொன்ன, நானும் அவன்கிட்ட இதோ வந்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

"மேடம் இருக்காங்கள்ல. ஒரு பத்து நிமிஷம் மாமனாரைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஓடேன்."

"கேட்டேன். மீட்டிங்காம். அவரைத் தனியா வுட்டுட்டுப் போனா ஏஜென்சிக்குச் சொல்லிடுவேன்னு சொன்னாங்க."

"அதுக்கு என்மேல ஏன்டி கத்தற?"

"நான் கத்தலைக்கா. நீதான் கத்தற."

பஸ்ஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. மீட்டிங்கில் இருந்த பையன்கூட ஒரு காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தான். ஆமாம், கத்தியிருக்கிறாள், தன் குரல் தனக்கே கடைசியில்தான் கேட்டது. முன்னால் நின்ற கண்டக்டர், "பொறுமையாப் பேசும்மா, அதான் காசு வாங்காம ஏத்திக்கினு வர்றோம்ல, டிரைவர் இன்னா பறந்தா போவாரு" என்றார். அது போதுமாக இருந்தது. காசு வாங்காமல். பெண்களுக்கு இலவசம். ஆமாம் அண்ணே, டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை, காலையில் பாதி, ராத்திரியில் பாதி என்று ஆயுசை வாங்கிக்கொள்கிறீர்கள், அதற்கு டிக்கெட் கிழிப்பதில்லை, அவ்வளவுதான். இதை அவள் சொல்லவில்லை. அவர்மேல் என்ன தப்பு, அவரும்தான் நிற்கிறார், அவருக்கும் ஏதோ டிரிப் குறைகிறதாம், மேலேயிருந்து மெமோ வருகிறதாம், தினம் புலம்புகிறார். யார்மேலும் தப்பில்லை. டிரைவர்மேல் தப்பில்லை, ரெபேகாமேல் இல்லை, முன்னால் நிற்கிற லாரிமேல் இல்லை. யார்மேலும் தப்பில்லாமல் இத்தனை பேர் வயிற்றில் அடிப்பது எப்படி ஐயா நடக்கிறது? "வழி வுடுங்க" என்று இடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். ஸ்டாப் இன்னும் வரலையே என்றது யாரோ. நடுரோட்டில் இறங்கினாள்.

இறங்கிய இடத்திலிருந்து, நிற்கிற வண்டிகளுக்கு நடுவே புடவையை ஒருகையால் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். பைக்குகள் பிளாட்பாரத்தில் ஏறி ஹாரன் அடித்தன, நடக்கிறவளைப் பார்த்து ஹாரன் அடித்தன, அடிங்கடா, நான் ஒருத்திதான் உங்களுக்கு வழியை மறிக்கிறேன். தலைக்கு மேலே தூணில் மெட்ரோ ரயில் போயிற்று. தினமும்தான் போகிறது, தினமும்தான் கீழேயிருந்து பார்க்கிறாள், ஏறியதில்லை, ஒருநாள் ஏறினால் மறுநாளும் ஏறச் சொல்லும், மாதம் முழுக்கப் போக வர அதற்குக் கொடுத்தால் பெரியவரை ஓசியில் பார்த்துக்கொண்ட மாதிரிதான் ஆகும். இன்றைக்கு ஏறினாள். யோசிக்காமல் படிக்கட்டில் ஏறி, ஜன்னலில் காசை வைத்து, செனாய் நகர் என்றாள். உள்ளே குளிர்ந்தது. வியர்வை முதுகில் அப்படியே உறைந்தது. உட்கார்ந்திருந்தவர்களின் சட்டை கசங்கவில்லை, பேச்சு மெதுவாக இருந்தது, அவள் மூச்சு வாங்குகிற சத்தம் பெட்டி முழுக்கக் கேட்பதாக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். நூறடி ரோடு முழுக்க நின்றுகொண்டிருந்தது. காருக்கு ஒரு தலை, ஒரு காருக்கு ஒரே ஒரு தலை, அத்தனை பெரிய காரில் ஒற்றை ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே அடைத்துவைத்த மாதிரி பஸ்கள், ஒவ்வொரு பஸ் படியிலும் தொங்குகிற ஆட்கள். வடபழனியில் தகரம் அடித்து ரோட்டில் பாதியைச் சாப்பிட்டு ஒரு பள்ளம், இன்னொரு ரயிலுக்காம். இந்தப் பள்ளத்துக்காகத்தானா கீழே இத்தனை பேர் நிற்கிறோம்? வடபழனி தாண்டிட்டேன் என்று இப்போது போன் செய்து சொல்லலாம், நெஜமாகவே தாண்டிவிட்டாள். தாண்டிய வேகம் அவளுக்குப் பயமாக இருந்தது. அரும்பாக்கம், கோயம்பேடு, அண்ணா நகர் என்று ஒரு பெண்குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தது, நிறுத்தம் நிறுத்தமாகக் கதவு திறந்து மூடிற்று, தேசராணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே ஏறியது. இவ்வளவுதானா? இவ்வளவுதான் தூரமா? ஐந்து வருஷமாக இதையா நான் தினமும் அவ்வளவு நேரம் கடந்துகொண்டிருந்தேன்? தூரம் என்று நினைத்தாளே, தூரம் என்று லோகம்மாவிடம் சொன்னாளே, தூரம் என்று அந்த மூன்று வீடும் சொன்னதே, தூரமே இல்லை இது. காசு இருக்கிறவனுக்கு ஒரு தூரம், இல்லாதவனுக்கு ஒரு தூரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உடம்புக்கு என்னம்மா, தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினாள். கண் கலங்கியிருக்கிறது போலும். வேண்டாம் என்று தலையாட்டினாள். அழுகை இல்லை அது, கோபம்தான் அழுகை மாதிரி வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

செனாய் நகரில் இறங்கி ஓடினாள். ஓடும்போதும் சண்டை தயாராகிக்கொண்டே இருந்தது, எதிரில் ரெபேகாவின் முகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக எறிந்துபார்த்துக்கொண்டே வந்தாள். உனக்காகக் கைக்காசு போட்டு ரயில்ல வந்தேன்டி. இதுதான் முதல் வார்த்தை. கதவு திறந்திருந்தது. பெரியவர் அறையில் டெட்டால் வாசனை அடித்தது. அவருக்கு உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, வேறு சட்டை மாட்டி, விரிப்பு மாற்றி, கஞ்சிகூட இறக்கியாகிவிட்டது, தேசராணியின் காலை வேலை முழுக்க முடிந்திருந்தது. ரெபேகா கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பை தோளில் இல்லை, தரையில் இருந்தது.

"இன்னும் போலியா?"

"போன் வந்திச்சு. வேற ஆளை வச்சிட்டாங்களாம்க்கா." ரெபேகா கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேங்க்குக்குப் பின்தெருவுலயே வூடாம் அவளுக்கு."

எறிவதற்குத் தூக்கிவைத்திருந்த அத்தனையும் தேசராணியின் வாயிலேயே நின்றது. கத்து, என்னைப் பார்த்துக் கத்தேன், உன்னாலதான் போச்சுன்னு சொல்லேன். இவள் கத்தமாட்டாள். ராத்திரி முழுக்க விழித்திருந்த கண் சிவந்திருந்தது, அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை, தூக்கம்தான் இருந்தது. பின்தெருவில் வீடாம். வேலை தெரியுமா, கை சுத்தமா, ஒன்றும் கேட்கவில்லை, பின்தெருவில் வீடு, போதும். நாளைக்கு அவள் வீட்டை இடித்து எங்கேயாவது லாரியில் ஏற்றினால் அவள் வேலையையும் லாரியில் ஏற்ற மறந்துவிடுவார்கள். அப்போதுதான் மேடம் அறையிலிருந்து வந்தாள், கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"தேசராணி, இந்த வாரத்துல இது மூணாவது தடவை. எல்லாருக்கும்தான் டிராபிக் இருக்கு, ப்ளான் பண்ணிக் கிளம்பணும். இன்னிக்கு அரை நாள் சம்பளம் பிடிச்சுக்கறேன், ஏஜென்சிக்கும் சொல்லிட்டேன்." மூச்சு விடவில்லை, அப்படியே ரெபேகா பக்கம் திரும்பினாள். "ரெபேகா, நீ பக்கத்துலதானே இருக்கே. பகலுக்கும் நீயே இங்கேயே தங்கிப் பார்த்துக்கோயேன். சாப்பாடு இங்கேயே. கொஞ்சம் சேர்த்துத் தரேன். எனக்கும் ரெண்டு பேரோட போராட முடியலை. நாளைலேருந்து வெச்சுக்கலாமா?"

தேசராணி ரெபேகாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வராது என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி மேடம்" என்றாள் ரெபேகா.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. காலையிலிருந்து இந்தப் பெண்மேல் மூட்டி வைத்திருந்த கோபத்தைத் தேசராணி உள்ளே தேடிப் பார்த்தாள், ஒரு பொறிகூட இல்லை, அவள் இடத்தில் இருந்திருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்பாள், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லியிருப்பாள். ஆனால் கோபம் போகவில்லை. இத்தனை நாள் இடம் மாறி மாறிப் பாய்ந்துகொண்டிருந்தது, இப்போது அந்தப் பெண்ணை விட்டு இறங்கி ஒரே இடத்தில் அசையாமல் நின்றது.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் உங்க மாமனார் பக்கத்துல நீங்க உக்காந்திருந்தா இவளுக்கு அந்த வேலை போயிருக்காது."

"என்ன பேசற நீ? எனக்கும் வேலை இருக்கு."

"இருக்கு. இல்லேங்கலை. உங்க வேலை வூட்டுக்கு வந்திச்சு. எங்க வேலை வரலை."

மேடம் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெபேகா பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தலையைத் தூக்காமலே, "நான் மாட்டேன்னா வேற யாரையாவது கூப்புடுவாங்கக்கா" என்றாள்.

"தெரியும். போய்த் தூங்கு. கண்ணைப் பாரு, எப்படிக் கிடக்குது."

அப்புறம் தேசராணி வேலை செய்தாள். பெரியவரை இடமும் வலமும் திருப்பினாள், மருந்தைப் பொடித்துக் கரைத்தாள், முதுகில் புண் வருகிற மாதிரி சிவந்திருந்த இடத்தில் களிம்பு தடவினாள், அவர் ஒரு கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும், பேச்சுதான் வராது. உங்கமேல இல்லை ஐயா என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டாள். மத்தியானக் கஞ்சியைக் குழாயில் இறக்கினாள், தலையணையை உயர்த்தி வைத்தாள், டயாப்பரை மாற்றினாள். ஒரு குறை இல்லாமல் எல்லாம் முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், பையை மாட்டிக்கொண்டு போய் மேடம் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் இருந்தன. அத்தனை முகமும் அவளைப் பார்த்தன.

"அரை நாள் ஆயிடுச்சு மேடம்."

"என்னது? ஒரு நிமிஷம்... ஸாரி, ஒரே நிமிஷம். என்ன தேசராணி?"

"அரை நாள் சம்பளம் பிடிச்சிட்டீங்கள்ல. அந்த அரை நாளை நீங்களே பார்த்துக்கங்க. ஐயாவுக்குச் சாப்பாடு ஆச்சு. கொஞ்ச நேரம் தலையை எறக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். டயாப்பர் கீழ் அலமாரில இருக்கு."

"விளையாடறியா? நீ இப்படிப் போனா நான் எப்படி... ரெபேகா ராத்திரிதானே வருவா? தேசராணி! எனக்கு மூணு மணி வரைக்கும் மீட்டிங் இருக்கு!"

"டிராபிக்கு மாதிரிதான் மேடம். ப்ளான் பண்ணிக்கணும்."

கதவைச் சாத்தவில்லை. அவள் பின்னாலேயே மேடம் கூடம் வரைக்கும் வந்து, அப்புறம் பெரியவர் அறைவாசலில் போய் உள்ளே போகத் தெரியாதவள் மாதிரி நிற்பது கூடத்துக் கண்ணாடியில் தெரிந்தது. தேசராணி படியிறங்கினாள். நாளைக்கு ஏஜென்சியிலிருந்து போன் வரும், வராமலும் போகும், தூரத்திலிருந்து வருகிற பொம்பளை, வாய் வேறு நீளம் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள், லோகம்மாவோடு போய் அந்த அடுக்குமாடி வாசலில் பாதிச் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான். தெரிந்துதான் செய்தாள். பயம் இருந்தது. பயம் மட்டும் இல்லை.

மெயின் ரோட்டுக்கு வந்து நின்றாள். நின்றவுடன் பஸ் வந்தது. அவளுக்காகவே எங்கோ காத்திருந்த மாதிரி, கை காட்டுவதற்கு முன்னால் வந்து ஓரம் கட்டி நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர்தான். ரோடு கழுவி விட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. கோயம்பேடு வந்தது, போனது. அரும்பாக்கம் வந்தது, போனது. வடபழனியில் அந்தத் தகர வேலிக்குப் பக்கத்தில் பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை, சிக்னலெல்லாம் பச்சையாக இருந்தது, ஜன்னல் வழியே காற்று அடித்தது. யார் போவதற்கு இப்போது வழி விடுகிறது இந்த ரோடு? வேலைக்குப் போகும்போது விடாத வழியை, வேலை போனவளுக்கு விடுகிறதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் இருந்த இடத்திலிருந்தே, "எம்மா, அத்தனை சீட்டு காலியா இருக்கு, உக்காரேன்" என்றார்.

"வேணாம்" என்றாள் தேசராணி.

"எங்க எறங்கணும்?"

"கடைசி ஸ்டாப்பு."

"அவ்ளோ தூரம் நின்னுக்கினா வருவே?"

வேலைக்குப் போகும்போது கொடுக்காத சீட்டு இப்போது எதற்கு? காலியான பஸ்ஸின் நடுவில், மேலே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரும்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.